தூக்கிக் கட்டிய ஜீப்பில் ஸ்டியரிங் ஆட்டம்: பட்டறைக்குப் போகுமுன் பார்க்க வேண்டியவை

மலைப் பகுதியில் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கும், அவர்களுக்குச் சரக்கு அனுப்பும் அடிவாரத்து மொத்த வியாபாரிகளுக்கும் ஜீப் என்பது கடையில் இன்னொரு ஆள் மாதிரி. போடியிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கும், 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் கொல்லிமலையின் உள் ஊர்களுக்கும், வால்பாறைத் தோட்டங்களின் லயன் கடைகளுக்கும் தார்ச்சாலை முடிந்த பிறகு அரிசி மூட்டையையும் எண்ணெய் டின்னையும் ஏற்றிக்கொண்டு போவது அதுதான். திரும்பும்போது மிளகும் காபியும் வாழைத்தாரும் இறங்குகின்றன. பாறையும் பள்ளமுமான வழியில் வண்டியின் அடிவயிறு தட்டாமல் இருக்க, பலரும் ஜீப்பைத் தூக்கிக் கட்டி ஓட்டுகிறார்கள். தூக்கிய சில நாட்களில், "ஸ்டியரிங் ஆடுகிறது, ஒரு பக்கம் இழுக்கிறது, பள்ளத்தில் விழுந்தால் கையிலேயே நிற்பதில்லை" என்று டிரைவர் வந்து சொல்கிறார்.

அதன் பிறகு வழக்கமாக நடப்பது எல்லோருக்கும் தெரியும். பட்டறையில் முதலில் ஸ்டியரிங் டாம்பர் மாற்றுவார்கள். பிறகு டை ராடு எண்டு. அதற்கும் நிற்காவிட்டால் ஸ்டியரிங் பெட்டியையே இறக்கிவிடுவார்கள். செலவு கணக்கில் ஏறுகிறது, ஆட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. கணக்கில் தொகை இடித்தால் நாம் பேரேட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுப் பேரேடு வாங்குவதில்லை. அன்றாடச் சிட்டையிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருகிறோம். வண்டிக்கும் அதே முறைதான் பொருந்தும். செலவில்லாத சோதனைகளை முதலில் செய்து, செலவுள்ளதைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும். அவற்றில் பெரும்பாலானவற்றைக் கடை வாசலிலேயே, ஒரு ஜாக்கியும் ஒரு டேப்பும் ஒரு உதவியாளும் இருந்தால் செய்துவிடலாம்.

தூக்கும்போது என்ன மாறுகிறது?

இங்கே நாம் பேசுவது முன்பக்கமும் பின்பக்கமும் பட்டை ஸ்பிரிங் உள்ள ஜீப்புகளைப் பற்றி. பழைய சி.ஜே. வகை, எம்.எம். 540, மேஜர் போன்றவை இதில் அடங்கும். இவற்றை உயர்த்தப் பட்டறைகளில் மூன்று வழிகள் உண்டு. கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பது அல்லது வளைவு அதிகமான பட்டை போடுவது ஒன்று. பட்டையின் நுனியைச் சேசிஸோடு இணைக்கும் சாக்கிளை நீளமாக்குவது இன்னொன்று. அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைப்பது மூன்றாவது. இந்தக் கட்டையைப் பின் அச்சில் வைப்பவர்கள் உண்டு. முன் அச்சில் ஒருபோதும் வைக்கக் கூடாது. திரும்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் முன் அச்சு முறுக்கிக்கொள்ளும். கட்டை நழுவினால் ஓட்டுபவர் கையில் எதுவும் இருக்காது.

எந்த வழியில் தூக்கினாலும் அச்சு இருக்கும் இடத்திலேயே இருக்கிறது, சேசிஸ் மட்டும் மேலே போகிறது. ஸ்டியரிங் பெட்டி சேசிஸில் இருக்கிறது, சக்கரம் அச்சில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் கம்பி முன்பு ஏறத்தாழ படுத்த நிலையில் இருந்தது, இப்போது சரிந்து நிற்கிறது. பிரேக் ஹோஸ் இழுபடுகிறது. புரொப்பெல்லர் ஷாப்ட் கூடுதலாகச் சாய்கிறது. ஷாக் அப்சர்பர் நீளம் போதாமல் போகிறது. பலவீனமாக ஆனால் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு டை ராடு எண்டோ புஷ்ஷோ இந்தப் புதிய கோணத்தில் தன் தேய்மானத்தைக் காட்டிவிடுகிறது. தூக்கியதால்தான் எல்லாம் கெட்டது என்று டிரைவர் சொல்வதும், தூக்கியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பட்டறைக்காரர் சொல்வதும் இதனால்தான். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது.

பள்ளத்தில் விழுந்ததும் வரும் உதறல்

எல்லாக் கோளாறுகளிலும் அபாயமானது இது. நல்ல சாலையில் மணிக்கு 40 அல்லது 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒரு முன் சக்கரம் சின்னப் பள்ளத்தில் விழுகிறது. உடனே இரண்டு முன் சக்கரங்களும் இடமும் வலமுமாகப் படபடவென்று அடித்துக்கொள்கின்றன. ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. வேகம் குறையும்வரை அது நிற்பதில்லை. அந்த நேரத்தில் டிரைவர் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறோம். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்துக்கொண்டு, வண்டியை நேராக வைத்து மெதுவாக வேகத்தைக் குறைத்து ஓரத்தில் நிறுத்த வேண்டும். பிரேக்கை ஓங்கி மிதிப்பதும், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டுவதும் நிலைமையைக் கெடுக்கும். உங்கள் டிரைவருக்கு இதை இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

காரணம் தேடும்போது டயரிலிருந்து தொடங்குங்கள். நான்கு டயரிலும் காற்று அளவைப் பாருங்கள். வீல் நட்டுகளை இறுக்கிப் பாருங்கள். டயர் பக்கவாட்டில் புடைத்திருக்கிறதா, ரிம் வளைந்திருக்கிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். உயரம் கூட்டியவர்கள் வழக்கமாக 6.00-16 டயரைக் கழற்றிவிட்டு அகலமான பெரிய டயரையும் போட்டிருப்பார்கள். கனமான டயர் சமநிலையில் இல்லாவிட்டால் உதறலைத் தொடங்கி வைக்க அது ஒன்றே போதும். இதற்குக் காசில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. முன் சக்கரங்கள் இரண்டையும் பின்னுக்கும், பின் சக்கரங்களை முன்னுக்கும் மாற்றிப் போட்டு அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். உதறல் மாறினாலோ குறைந்தாலோ குற்றம் டயரில்தான்.

அடுத்தது அடியில் படுத்துப் பார்க்கும் சோதனை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, எஞ்சினை நிறுத்திவிடுங்கள். முன் சக்கரங்கள் தரையிலேயே இருக்கட்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சின்னச் சின்னதாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மற்றவர் அடியில் படுத்து, ஒவ்வொரு இணைப்பிலும் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். ஸ்டியரிங் பெட்டி சேசிஸில் இறுகி நிற்கிறதா, அல்லது பெட்டியே அசைகிறதா? அதைத் தாங்கும் இடத்தில் சேசிஸ் விரிசல் விட்டிருக்கிறதா? பெட்டியிலிருந்து வரும் கை, அதில் மாட்டிய டிராக் லிங்க், டை ராடின் இரண்டு முனைகள், நடுவில் பெல் கிராங்க் இருந்தால் அதன் முளை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு பாகம் அசைந்து, அடுத்த பாகம் அசையாமல் நிற்கும் இடம் எதுவோ, ஆட்டம் அங்கேதான் இருக்கிறது. பட்டைக் கண்ணில் உள்ள புஷ்ஷும் சாக்கிள் முளையும் தேய்ந்திருந்தால் அச்சே பக்கவாட்டில் நகர்வதையும் இந்தச் சோதனையில் பார்க்கலாம். ஸ்டியரிங்கைச் சந்தேகப்பட்டுக்கொண்டே புஷ்ஷைப் பார்க்காமல் விடுகிறவர்கள் அதிகம்.

பிறகு ஒரு பக்கத்து முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, அச்சுக்கு அடியில் உறுதியான கட்டை கொடுங்கள். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து உள்ளும் வெளியும் அசையுங்கள். ஆட்டம் இருந்தால் அது வீல் பேரிங்காகவும் இருக்கலாம், கிங் பின்னாகவும் இருக்கலாம். எது என்று அறிய, உதவியாளைப் பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி அசையுங்கள். ஆட்டம் மறைந்துவிட்டால் வீல் பேரிங், அப்படியே இருந்தால் கிங் பின். பல பேர் கிங் பின் செலவு செய்துவிட்டு, கடைசியில் பேரிங் நட்டை இறுக்கியதும் சரியாகிவிட்டது என்று வந்திருக்கிறார்கள். அடுத்து சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து அசைத்தால் டை ராடு எண்டின் தேய்மானம் தெரியும்.

பழைய வகை ஜீப்பில் கிங் பின் பேரிங்கின் இறுக்கம் தகடு சேர்த்தும் எடுத்தும் சரிசெய்யப்படுகிறது. தளர்ந்தால் உதறும், அதிகம் இறுகினால் ஸ்டியரிங் கல்லாகிவிடும், திருப்பிய பிறகு தானே நேருக்கு வராது. டை ராடைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைத் திருப்ப எவ்வளவு விசை வேண்டியிருக்கிறது என்று கொக்கித் தராசால் இழுத்துப் பார்ப்பதே சரியான முறை. அந்த வண்டியின் கையேட்டில் கொடுத்த அளவோடு அதை ஒப்பிட வேண்டும். முத்திரையில்லாத கொக்கித் தராசு கடையில் கிடந்தால் வியாபாரத்துக்குத்தான் ஆகாது, இதற்கு ஆகும்.

காஸ்டர் என்ற கோணம்

மேற்சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் உதறல் நிற்கவில்லை என்றால், அல்லது வண்டி நேரான சாலையில் அலைபாய்கிறது, வளைவில் திரும்பிய பிறகு ஸ்டியரிங் தானே திரும்பி வருவதில்லை என்றால், காஸ்டர் கோணத்தைச் சந்தேகிக்க வேண்டும். சைக்கிளின் முன் போர்க் சற்றுச் சாய்ந்திருப்பதால்தான் கையை விட்டாலும் ஓரளவு நேராகப் போகிறது. ஜீப்பில் கிங் பின்னின் மேல் முனை அதே மாதிரி சற்றுப் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். பழைய வில்லிஸ் வகை ஜீப்புக்கு இது 3 டிகிரி.

முன் பட்டையின் சாக்கிள் முன் நுனியில் இருக்கும் ஜீப்பில் அந்தச் சாக்கிளை நீளமாக்கினால், பட்டையின் முன் நுனி கீழே இறங்கி, அச்சு முன்னோக்கி உருண்டு, இந்தச் சாய்வு குறைந்துவிடுகிறது. மலிவாகத் தூக்கும் வழி என்பதால் நீளச் சாக்கிள் போடுவது அதிகம். அலைபாய்வதும் அப்படித் தூக்கிய வண்டிகளில்தான் அதிகம். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில், அளந்து வெட்டிய ஆப்புத் தகடு வைத்து இந்தச் சாய்வை மீட்கலாம். முன் அச்சைத் திருப்பினால் முன் புரொப்பெல்லர் ஷாப்ட்டின் கோணமும் மாறும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் கோணத்தை அளக்கும் கருவி உள்ள பட்டறையில் மட்டுமே இந்த வேலையைக் கொடுங்கள். கண்மதிப்பில் ஆப்பு அடிப்பவரிடம் வேண்டாம்.

டோ-இன் எனப்படும் சக்கர ஒடுக்கத்தை நாமே டேப்பால் அளக்கலாம். இரண்டு முன் டயர்களின் நடுவிலும் சாக்பீஸால் கோடு போட்டு, அச்சு மட்டத்தில் முன்பக்கம் ஒரு அளவும் பின்பக்கம் ஒரு அளவும் எடுங்கள். முன்பக்க அளவு சற்றே குறைவாக இருக்க வேண்டும். பழைய வில்லிஸ் வகைக்கு அது சுமார் 1 முதல் 2½ மில்லிமீட்டர். நடுவில் பெல் கிராங்க் வைத்து இரண்டு பக்கமும் டை ராடு போகும் வகையில், தூக்கியவுடன் இந்த அளவு தானே மாறிவிடும். டயர் ஓரம் சீவினாற்போல் தேய்ந்தால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பள்ளத்தில் ஏறி இறங்கும்போது தானே திரும்புவது

உதறல் இல்லை, ஆனால் ஒவ்வொரு மேட்டிலும் பள்ளத்திலும் ஸ்டியரிங்கைத் தொடாமலே வண்டி ஒரு பக்கம் வெட்டுகிறது என்பது வேறு கோளாறு. சரிந்து நிற்கும் டிராக் லிங்க்தான் இதற்குக் காரணம். அச்சு மேலே வரும்போது அந்தச் சரிந்த கம்பி சக்கரத்தைத் தள்ளுகிறது, கீழே போகும்போது இழுக்கிறது. கம்பியை மறுபடி படுத்த நிலைக்குக் கொண்டுவர, அந்த வண்டிக்கென்று செய்த, கீழே இறங்கிய அமைப்புள்ள கை போடலாம். அது கிடைக்காவிட்டால் உயரத்தைக் குறைத்துக்கொள்வதே நல்லது.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறோம். ஸ்டியரிங் கையையோ டிராக் லிங்க்கையோ உலையில் காய்ச்சி வளைத்துத் தருகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வெட்டி ஒட்டி வெல்டிங் வைப்பதும் உண்டு. இந்தப் பாகங்கள் பதம் ஏற்றி வலுவூட்டப்பட்டவை. காய்ச்சினால் பதம் போய்விடும். ஒரு கொண்டை ஊசி வளைவில், கீழிறங்கும் வண்டியில் அது முறிந்தால் பிரேக்கைத் தவிர வேறு துணை கிடையாது. சில நூறு ரூபாய் மிச்சம் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

தூக்கிய பிறகு வண்டி நேராகப் போகும்போது ஸ்டியரிங் வளையம் கோணலாக நின்றால், வளையத்தைக் கழற்றி நேராக மாட்டிக் கொடுப்பார்கள். பார்வைக்குச் சரியாகிவிடும். ஆனால் ஸ்டியரிங் பெட்டியின் பற்கள் நடு நிலையில்தான் நெருக்கமாகப் பொருந்தும். அந்த நடு நிலை விலகிவிட்டால் நேராகப் போகும்போதே ஆட்டம் இருக்கும். டிராக் லிங்க்கின் நீளத்தைத் திருகிச் சரிசெய்வதுதான் முறை.

ஒரு பக்கம் இழுப்பது

காற்று அளவும், ஒரு பக்கப் பிரேக் பிடித்துக்கொண்டே இருப்பதும் இதற்கு முதல் காரணங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து இரண்டு முன் டிரம்களிலும் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஒன்றில் மட்டும் சுர்ரென்று ஆவியானால் பிரேக்கைப் பாருங்கள். இரண்டிலும் வித்தியாசம் இல்லை என்றால் டேப்பை எடுங்கள். கிடங்கின் சிமெண்ட் தரையில், வண்டியில் சரக்கு இல்லாமல், முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடுவரை இடப்பக்கமும் வலப்பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் கண்டால் பட்டையின் நடு போல்ட் முறிந்து அச்சு நகர்ந்திருக்கக்கூடும். யூ போல்ட் தளர்ந்ததுதான் இதற்கு மூலகாரணம். பட்டை மாற்றும்போது பழைய யூ போல்ட்டையே திரும்பப் போடுவது சிக்கனம் ஆகாது. அது ஒருமுறை இழுபட்ட இரும்பு. புதியது போட்டு, 500 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை இறுக்க வேண்டும். சக்கர நடுவிலிருந்து மட்கார்டு வரை உள்ள உயரத்தையும் இரு பக்கமும் அளந்தால், ஒரு பக்கப் பட்டை தொய்ந்திருப்பது தெரிந்துவிடும்.

ஸ்டியரிங்கோடு சேர்ந்த மற்றவை

பிரேக் ஹோஸைப் பார்க்காமல் தூக்கிய வண்டியைச் சாலையில் இறக்கக் கூடாது. சேசிஸைத் தூக்கிச் சக்கரம் முழுவதும் தொங்கும் நிலையில் ஹோஸ் விறைத்து நிற்கக் கூடாது, இரு பக்கமும் முழுதாகத் திருப்பினாலும் டயரில் உரசக் கூடாது. ஷாக் அப்சர்பர் தன் முழு நீளத்துக்கு இழுபட்டு நின்றால் ஒவ்வொரு பள்ளத்திலும் உள்ளே அடிபட்டு எண்ணெய் கசியும். உயரத்துக்கேற்ற நீளமானது போட வேண்டும். இருக்கைக்கு அடியில் அதிர்ந்து, ஆக்ஸிலேட்டர் மிதித்தால் கூடி, விட்டால் மாறும் அதிர்வு ஸ்டியரிங்குடையது அல்ல. அது புரொப்பெல்லர் ஷாப்ட் சாய்வால் வருவது.

ஸ்டியரிங் டாம்பரைப் பற்றி நம் கருத்து இதுதான்: நல்ல நிலையில் உள்ள வண்டிக்கு அது உதவும். தேய்ந்த வண்டியில் அது நோயை மறைக்கும் மாத்திரை. உதறலுக்கு முதல் வேலையாக டாம்பர் மாற்றச் சொல்பவரிடம், அதற்கு முன் என்னென்ன பார்த்தார் என்று கேளுங்கள்.

முன்பக்கம் டார்ஷன் பார் உள்ள தார் ஜீப்பும், காயில் ஸ்பிரிங் உள்ள பிக்கப் வண்டிகளும் வேறு சாதி. அந்த வகைத் தார் ஜீப்பில் பின்பக்கம் மட்டுமே பட்டை. இவற்றை அதிகம் தூக்கினால் பால் ஜாயிண்டும், டிரைவ் ஷாப்ட்டின் ரப்பர் உறையும் எல்லைக்குப் போய்விடும். டயர் ஓரம் தேய்வதே முதல் அறிகுறி. தூக்கியவுடன் வீல் அலைன்மெண்ட் பார்க்காமல் ஓட்டக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 98ஆவது விதி, ஸ்டியரிங்கில் 30 டிகிரிக்கு மேல் வெற்றாட்டம் கூடாது என்கிறது. மலைப் பாதைக்கு அந்த 30 டிகிரியே மிக அதிகம் என்பது எங்கள் எண்ணம். வண்டியை மாற்றியமைப்பது பற்றி 1988 சட்டத்தின் 52ஆவது பிரிவு பேசுகிறது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சொல்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் இந்தக் கேள்வியைத்தான் எழுப்பும். ஏற்கெனவே தூக்கிய வண்டி வைத்திருப்பவர்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. புதிதாகத் தூக்க நினைப்பவர்கள், கூடுதல் சுமைக்காகவா அல்லது உண்மையிலேயே அடி தட்டுவதற்காகவா என்று முதலில் யோசிக்க வேண்டும். தொய்ந்த பழைய பட்டைக்குப் பதிலாகச் சரியான அளவில் புதுப் பட்டை போட்டாலே பல வண்டிகள் இழந்த உயரத்தைத் திரும்பப் பெற்றுவிடும். அது மாற்றம் அல்ல, பராமரிப்பு.

பட்டறையில் வேலை கொடுக்கும்போது ஒரே நேரத்தில் நான்கு பாகங்களை மாற்றச் சொல்லாதீர்கள். ஒன்றை மாற்றி, அதே சாலையில் ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்தது. கழற்றிய பழைய பாகங்களைப் பில்லோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேய்ந்த பாகத்தைக் கையில் பிடித்துப் பார்த்தால் நமக்கே தெரியும்.

சரக்கு ஏற்றுவதிலும் கவனம் தேவை. தூக்கிய ஜீப் ஏற்கெனவே கவிழும் இயல்பு கூடியது. மூட்டைகளைப் பின் கதவோரம் அடுக்கினால் முன் சக்கரங்களின் பளு குறைந்து ஸ்டியரிங் இலேசாகிவிடும், ஏற்றத்தில் திருப்பினாலும் வண்டி கேட்காது. அரிசி, சர்க்கரை, எண்ணெய் டின் போன்ற கனமானவை கீழே, முன் இருக்கையை ஒட்டி இருக்கட்டும். அப்பளம், வத்தல், பிஸ்கட் பெட்டிகள் மேலேயும் பின்னாலும் போகட்டும். எல்லா வேலையும் முடிந்த பிறகு முதல் ஓட்டத்தைச் சரக்கில்லாமல், சமதளச் சாலையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஓட்டத்தைப் பாதிச் சரக்கோடு வையுங்கள். அதன் பிறகு யூ போல்ட்டையும் வீல் நட்டையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டு மலை ஏறச் சொல்லுங்கள்.